சண்டர்லாந்துத் தலபுராணம்

காற்பந்தாட்டமே தங்கள் மதம் என்று சொல்லிக்கொள்ளுவோர் இக்காலத்தில் பெருகிவிட்டனர். சொல்லுகிறவர்கள் இதனைப் பெருமையாகவே சொல்லுகின்றனர். கேட்கிறவர்களும் சிரித்துவிட்டுப் போகின்றனர். மதம் என்னும் சொல்லை எவர் எடுத்தாளினும், அதன் உள்ளீடு யாது, அதனால் எளியோர்க்கு விளைவது நன்மையா தீமையா என்று வினவுவதையே வேலையாகக் கொண்ட நம்மால் அங்ஙனம் சிரித்துவிட்டுப் போக இயலவில்லை. கிள்ளானிலும் ஈப்போவிலும் சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளிலும் சனிக்கிழமை இரவு 11 மணிக்கு மேல் விளக்கணையாத தமிழ் வீடுகள் எத்தனையோ உள. அவ்வீடுகளில் விழித்திருப்போர் சிவராத்திரிக்காக விழித்திருக்கவில்லை என்பது நேயர்கள் அறிந்ததே.

இவ்விஷயத்தை ஆராய்வதற்கு நாம் எடுத்துக்கொண்டது, நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2018, 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்ட ‘சண்டர்லாந்து டில் ஐ டை’ என்னும் தொடர்படம். ‘சாகும்வரை சண்டர்லாந்து’ என்பது பெயரின் கருத்து. இங்கிலாந்தின் வடகிழக்கிலே வேர் ஆறு கடலில் கலக்கும் இடத்திலுள்ள சண்டர்லாந்து நகரின் காற்பந்துக் கிளப், மேல்தரத்திலிருந்து இறங்கி, மீண்டும் ஏறத் துடித்த கதை அது. படம் ஆட்டத் திடலில் தொடங்கவில்லை. கத்தோலிக்கத் தேவாலயம் ஒன்றில் தொடங்குகிறது. பூசை வேளையில் பாதிரியார், கிளப்பின் ஆட்டக்காரர்களுக்கு ஆண்டவன் துணைநிற்க வேண்டுமென்றும், அவர்கள் வென்றால் நகரமும் செழிக்குமென்றும் மன்றாடுகிறார். கூடியிருப்போர் தலைகுனிந்து நிற்கின்றனர். சிலர் கிளப்பின் சிவப்பு வெள்ளைச் சட்டையுடனேயே வந்திருக்கின்றனர்.

இதனைக் கண்டவுடன் நமக்கு எழுந்த முதல் எண்ணத்தை மறைக்க வேண்டியதில்லை. தேர்வில் தேறப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதற்கும் இதற்கும் வேற்றுமை யாது? 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் சண்டர்லாந்து இரண்டாந் தரத்தில் ஆடத் தொடங்கியபோது அத்தரத்தில் 24 கிளப்புகள் இருந்தன. மேலே ஏறக்கூடியவை மூன்றே. முதல் இரு இடங்களில் முடித்தவை நேரே ஏறும். மூன்று முதல் ஆறு வரை நிற்கும் நான்கும் தம்முள் மோதி, வெம்பிளி மைதானத்தில் இறுதியாட்டம் ஆடி, ஒன்று மட்டும் ஏறும். கீழே இறங்கவேண்டியவையும் மூன்று. இருபத்துநான்கு ஊர்களிலும் தேவாலயங்கள் இருக்கின்றன. இருபத்துநான்கு ஊரார் மன்றாட்டையும் நிறைவேற்ற ஆண்டவனுக்கும் இடமில்லை. அவ்வாண்டு சண்டர்லாந்து வந்துசேர்ந்த இடம் கடைசி. சொந்தத் திடலில் ஏறக்குறைய ஓராண்டுக் காலம் ஓர் ஆட்டமும் வெல்லாதிருந்து, 2018 ஏப்ரலில் பர்ட்டன் ஆல்பியன் என்னும் சிறிய கிளப்பிடம் சொந்த மக்கள் முன்னிலையில் 2-1 என்று தோற்று, மூன்றாந் தரத்திற்கு இறங்கிற்று. பர்ட்டனின் கோல்களில் ஒன்றை அடித்தவர் முன்னாள் சண்டர்லாந்து வீரர் டேரன் பென்ட். மன்றாட்டின் பலன் இதுவே என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடியிருக்கலாம்.

மூடவில்லை. ஏனெனில், பாதிரியார் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. கிளப் வென்றால் நகரம் செழிக்கும் என்று அவர் சொன்னதன் பொருளை அறிய அந்நகரத்தின் வரலாற்றைச் சிறிது பார்க்கவேண்டும்.

வேர் ஆற்றின் வடகரையிலுள்ள மங்க்வேர்மவுத் என்னும் இடத்தில் கி.பி. 674இல் பெனடிக்ட் பிஸ்காப் என்னும் துறவி புனித பேதுரு மடத்தை நிறுவினார். சன்னல்களுக்குக் கண்ணாடி செய்யக் கால் நாட்டிலிருந்து தொழிலாளரை வரவழைத்தார். ஆங்கிலேயரின் முதற் பெரும் வரலாற்றாசிரியராகிய பீட் ஏழு வயதுப் பிள்ளையாக ஒப்படைக்கப்பட்டது இம்மடத்திலேதான். அத்தேவாலயத்தின் பழஞ்சுவர்கள் இன்றும் நிற்கின்றன. அங்கிருந்து ஒரு மைலுக்குள்ளே பிற்காலத்தில் நிலக்கரிச் சுரங்கம் வெட்டப்பட்டது. ஆற்றங்கரை முழுவதும் கப்பல் கட்டும் துறைகள் எழுந்தன. உலகெங்கும் கப்பல்களை அனுப்பிய ஊர் அது. 1988இல் கடைசிக் கப்பல் துறைகள் மூடப்பட்டன. 1993இல் சுரங்கமும் மூடப்பட்டது. நான்கே ஆண்டுகளில், அதாவது 1997இல், அதே சுரங்க நிலத்தின்மேல் கிளப்பின் புதிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. அதன் பெயர் ஒளியரங்கம். இருளில் இறங்கிய தொழிலாளர் ஏந்திய விளக்கின் நினைவாக வைத்த பெயர் அது. வாயிலிலே பெரியதொரு சுரங்க விளக்கின் உருவத்தையும் நிறுத்தியிருக்கின்றனர்.

ஆக, ஒரு மைல் எல்லைக்குள் மடம், சுரங்கம், ஆட்டரங்கம் என்று மூன்று அடுக்குகள். முதலாவது ஓய்ந்து வருகிறது. 2021ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் தம்மைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொண்டோர் நூற்றுக்கு 46.2 பேர், 2011இல் 59.3 பேராக இருந்தவர்கள் பத்தாண்டில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டனர். மதமில்லை என்றோர் 37.2 பேர். இரண்டாவது அடுக்கு அடியோடு போய்விட்டது. எஞ்சியது மூன்றாவது ஒன்றே. தகப்பன் சுரங்கத்தில் இறங்கிய இடத்திற்கு நேர் மேலே மகன் சீசன் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிறான். மூன்றாந் தரத்திற்கு இறங்கிய பின்னரும், 2018 டிசம்பர் 26இல் பிராட்போர்டு கிளப்புடன் நடந்த ஆட்டத்திற்கு 46,039 பேர் வந்தனர். வெற்றியை வழிபடுவோர் மட்டுமே வந்தார்கள் என்றால் இத்தொகை வந்திராது.

இவ்விடத்தில் நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்நாட்டில் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டு, லயங்கள் இடிந்து, சனங்கள் பட்டணத்துப் புறம்போக்குகளுக்கும் அடுக்குவீடுகளுக்கும் சிதறிய பின்னரும், ஆண்டுக்கொருமுறை பழைய தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் பேருந்து பிடித்துத் திரும்பி வருகிறவர்கள் உண்டு. ஊர் இல்லாத கோவிலுக்குத் தேர் எதற்கு என்று நாமும் கண்டித்து எழுதியதுண்டு. அவர்கள் தேடி வந்தது அம்மனையா, அல்லது பக்கத்து லயத்தாரையா என்று நாம் அப்போது கேட்டுப் பார்க்கவில்லை. சண்டர்லாந்துக் காட்சிகளைப் பார்த்தபொழுது அக்கேள்வி நம்மை உறுத்திற்று. பிரெஞ்சு அறிஞர் துர்க்கெம் 1912இல் வெளியிட்ட நூலில், மக்கள் கூட்டம் தன்னைத்தானே வணங்கிக்கொள்ளும் முறையே மதம் என்னும் கருத்துப்பட எழுதினார். அரங்கத்தில் நாற்பதினாயிரம் பேர் ஒருங்கே பாடுகையில் அவர்கள் வணங்குவது பதினொருவரை அன்று, தங்களையே.

ஆயின், காற்பந்து மதமேதானா? அல்ல என்பதே நமது துணிபு. அர்ஜெண்டினாவின் ரொசாரியோ நகரில் 1998இல் மரடோனா பெயரால் திருச்சபையே தொடங்கினர். அது பெரும்பாலும் வேடிக்கை. உண்மையான மதச்சண்டை காற்பந்தினுள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கிளாஸ்கோ நகரம் சான்று. அங்கே ரேஞ்சர்ஸ் கிளப்பார் பல்லாண்டுகளாகக் கத்தோலிக்கரைச் சேர்ப்பதில்லை என்றிருந்து, 1989இல் மோ ஜான்ஸ்டனைச் சேர்த்தபோது சொந்த அபிமானிகளிலேயே சிலர் சீசன் டிக்கெட்டையும் கழுத்துத் துணியையும் தீயிலிட்டனர். மதத்தின் வேலை அது. ஆட்டத்தின் இயல்பு வேறு. ஆட்டம் தன் பலனை மறுமைக்கு ஒத்திவைப்பதில்லை. சனிக்கிழமை ஐந்து மணிக்குள் கணக்குத் தீர்ந்துவிடும். தோற்றவனை நோக்கி, உன் முற்பிறவிப் பாவம் என்று சொல்லும் புரோகிதனும் இங்கில்லை. பின்காவலன் தூங்கினான் என்றே சொல்லுவார்கள். சொல்லியதை மறுக்கவும் எவனுக்கும் உரிமையுண்டு.

இவற்றினும் பெரிய வேற்றுமை ஒன்றுண்டு. அதனைப் படமெடுத்தோர் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. இங்கிலாந்தின் லீக் முறை ஓர் ஏணி. கடைசித் தரத்தில் உள்ள கிளப்பும் ஆண்டுக்கொரு படியாக ஏறி உச்சிக்கு வரலாம். உச்சியில் உள்ளதும் ஆடத் தெரியாவிட்டால் இறங்கியே ஆகவேண்டும். ஆறுமுறை இங்கிலாந்தின் முதலிடத்தை வென்ற சண்டர்லாந்து மூன்றாந் தரத்தில் நான்கு ஆண்டுகள் கிடந்தது. எவரும் அதன் கோத்திரத்தைக் கேட்டு விலக்களிக்கவில்லை. நமது வருணாசிரம ஏணியை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. பிறந்த படியே இறக்கும் படி. அறிவிலியான மேற்சாதியான் கீழ்ப்படிக்கு இறக்கப்பட்டான் என்று எந்தச் சாஸ்திரத்திலாவது நேயர்கள் படித்ததுண்டோ?

இந்த ஏணியையும் பிடுங்க முயன்ற கதை அண்மையதே. 2021 ஏப்ரல் 18இல் ஐரோப்பாவின் 12 பெரும் கிளப்புகள் கூடி, ‘சூப்பர் லீக்’ என்ற ஒன்றை அறிவித்தன. 20 இடங்களில் 15 நிரந்தரமானவை. அவற்றிற்குரியோர் எவ்வளவு கேவலமாக ஆடினும் இறக்கப்படமாட்டார்கள். இதனைப் பணக்காரர் வருணாசிரமம் என்றழைப்பதில் நமக்குத் தயக்கமில்லை. அப்பன்னிரண்டில் ஆறு இங்கிலாந்தின் கிளப்புகள். அவற்றின் சொந்த அபிமானிகளே வீதிக்கு வந்து கூச்சலிட்டனர். இரண்டே நாளில் ஆறும் பின்வாங்கின. மத நம்பிக்கையை நாம் குறைகூறுவது, அது எளியவனின் ஆசையை இவ்வுலகில் நிறைவேறாத இடத்திலே கொண்டுபோய் அடகு வைப்பதனால். மேலேறும் ஆசை அத்தகையதன்று. ஏணி உண்மையில் நிற்கும்வரை அவ்வாசை மூடநம்பிக்கை ஆகாது. ஒரு குடியுரிமையே ஆகும்.

ஆனால் ஏணியின் அடியில் காசு வாங்குவோர் யாவர் என்பதையும் பார்க்கவேண்டுமல்லவா? இங்கேதான் இத்தொடர்படம் நமக்கு ஏமாற்றம் தருகிறது. படத்தைத் தயாரித்த ஃபுல்வெல் 73 என்னும் நிறுவனத்தார் சண்டர்லாந்தின் அபிமானிகள். நிறுவனத்தின் பெயரே, கிளப்பின் பழைய திடலில் ஒரு புறத்தின் பெயரையும், இரண்டாந் தரத்திலிருந்தபடியே லீட்ஸ் கிளப்பை 1-0 என்று வென்று கோப்பை பெற்ற 1973ஆம் ஆண்டையும் சேர்த்து அமைத்தது. பக்தன் எழுதுவது தலபுராணமாகத்தான் இருக்கும். தலபுராணத்தில் தீர்த்தத்தின் மகிமை இருக்கும். கோவில் வரவு செலவுக் கணக்கு இராது.

முதற் பாகம் இக்குறைக்கு ஓரளவு தப்புகிறது. அதிலே ஆட்டக்காரர்களுக்குச் சமைத்துப் போடும் பெண்மணி வருகிறார். வேலை நிலைக்குமா என்று அஞ்சும் அலுவலர்கள் வருகின்றனர். டாக்சி ஓட்டும் அபிமானி ஒருவர் வருகிறார். ஒவ்வொரு தோல்வியும் அவர் முகத்திலே ஒரு கோடு இழுத்துவிட்டுப் போகிறது. கடல்கடந்திருந்த முதலாளியோ கண்ணிலேயே படுவதில்லை. ஆண்டவனைப்போல் எங்கோ இருந்து எல்லாவற்றையும் நடத்துகிறார், அல்லது நடத்தாமலிருக்கிறார். வாரம் 70,000 பவுன் சம்பளம் என்று பத்திரிகைகள் எழுதிய ஓர் ஆட்டக்காரர் ஒப்பந்தத்தை விட்டுக்கொடுக்க மறுக்கையில், நிர்வாகியார் அவரைப் பற்றி மனம் நொந்து பேசுகிறார். படமும் நிர்வாகியார் பக்கமே சாய்கிறது. நாம் சாய மாட்டோம். கூலிக்காரன் கையெழுத்திட்ட கூலியைக் கேட்பது குற்றமன்று. தரம் இறங்கினால் சம்பளமும் இறங்கும் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளாமல் கையெழுத்திட்ட மேலிடத்தாரை அல்லவா கேட்கவேண்டும்? அந்தக் கேள்வி சமையற்காரியின் வயிற்றோடு சம்பந்தப்பட்டது. படம் அதனைக் கேட்பதில்லை.

இரண்டாம் பாகமே நமது ஆராய்ச்சிக்கு மிகுதியும் பயன்படுவது. 2018இல் கிளப்பை வாங்கிய புதிய முதலாளி ஸ்டூவர்ட் டொனால்டும், அவருடைய கூட்டாளி சார்லி மெத்வனும் வருகின்றனர். அரங்கத்திலே ஆட்டக்காரர்கள் நுழையும்போது ருஷ்ய இசைஞர் புரோகோபியெவ் இயற்றிய வாத்திய இசை ஒலிப்பது வழக்கம். அது சோகமாயிருக்கிறது, இரவு விடுதிகளில் கேட்கும் துள்ளல் இசையைப் போடலாம் என்று மெத்வன் அலுவலர்களிடம் வற்புறுத்துகிறார். சடங்கு எவ்வாறு உற்பத்தியாகிறது என்பதற்கு இதனினும் தெளிவான காட்சி வேண்டியதில்லை. நூறாண்டு கழித்து இதுவும் ஆகமம் ஆகிவிடும். அபிமானிகள் அன்று கண்ணீர்விட்டுப் பாடுவதன் அடியில், ஓர் அறையில், விற்பனை தெரிந்த ஒருவர் இசைத்தட்டைத் தெரிந்தெடுத்திருக்கிறார். படம் இதனை நகைச்சுவையாக எண்ணிக் காட்டுகிறது. நமக்கோ, மூன்று பாகங்களிலும் மிகவும் கருத்தாழமுள்ள இடம் இதுதான்.

அடுத்து வருவது 2019 ஜனவரி மாதக் கடைசி நாள். ஆட்டக்காரர் வாங்கும் தவணை நள்ளிரவோடு முடிகிறது. விகன் கிளப்பின் வில் கிரிக் என்பவரை வாங்க டொனால்டு விலை பேசுகிறார். அவ்வளவு பெறமாட்டார் என்று தம்மவர்களே சொல்லியும் விலையை உயர்த்திக்கொண்டே போய், முப்பது லட்சம் பவுன் என்று செய்திகள் சொன்ன தொகைக்கு முடிக்கிறார். பிள்ளை வரம் வேண்டிக் காணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகும் மனிதரின் முகத்தை அன்று அவரிடம் கண்டோம். எதிர்பார்த்த கோல்கள் பிறக்கவில்லை. அப்பருவத்தின் முடிவு யாவரும் அறிந்தது. 2019 மே 26, வெம்பிளி. சார்ல்ட்டன் கிளப்பின் பின்காவலர் பந்தைத் தம் வலைக்குள்ளேயே தள்ளிவிட, ஐந்தாம் நிமிடத்திலேயே சண்டர்லாந்து முந்திற்று. 94ஆம் நிமிடத்தில் கோல் வாங்கி 2-1 என்று தோற்றது. 1998இலும் இதே சார்ல்ட்டனிடம், இதே வெம்பிளி இறுதியாட்டத்தில், 4-4 என்று சமநிலைக்குப் பின் தண்ட உதைகளில் 7-6 என்று தோற்றவர்கள் இவர்கள். முன்வினை என்ற எண்ணம் தலைதூக்குவதற்கு இதனினும் ஏற்ற ஊர் வேறு இருக்க முடியாது. அங்கும் சிலர் சாபம் என்று முணுமுணுத்தனர். பலர் அடுத்த பருவத்துக்குச் சீசன் டிக்கெட் வாங்கினர். நாம் மதிப்பது இந்தப் பலரை.

மூன்றாம் பாகத்தில் மூன்றே பகுதிகள். 2022 மே 21இல் வைக்கம் கிளப்பை 2-0 என்று வென்று மூன்றாந் தரத்திலிருந்து மீண்டதைச் சொல்லுகிறது. வெற்றியைச் சொல்லத் தெரியாத படம் இது. அவசர அவசரமாக முடிகிறது. தோல்வியைப் பதினான்கு பகுதிகளில் இழுத்துக் காட்டியவர்களுக்கு மகிழ்ச்சியைக் காட்ட மூன்று போதுமென்று தோன்றியிருக்கிறது. துன்பத்தைப் புனிதமாக்கும் பழக்கம் மதவாதிகளோடு ஒழியவில்லை, கலைஞர்களையும் பிடித்திருக்கிறது.

படம் முழுவதிலும் அடிக்கடி ஒலிக்கும் எண்ணம், ஊரார் அனைவரும் ஒரே குடும்பம் என்பது. அக்குடும்பத்தின் எல்லை எது என்று படம் கேட்கவில்லை. மூன்றாம் பாகம் வெளிவந்த ஆறாவது மாதம், அதாவது 2024 ஆகஸ்ட் 2இல், அந்நகரத்தில் வந்தேறிகளுக்கும் முஸ்லிம்களுக்கும் எதிரான கலகம் மூண்டது. கும்பல் பள்ளிவாசலை நோக்கிச் சென்றது. ஏழைகளுக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை கூறிவந்த அலுவலகம் ஒன்று தீயில் எரிந்தது. அரங்கத்தில் பாடிய வாய்களுள் சில அன்று வீதியிலும் கத்தியிருக்குமோ என்ற ஐயம் எழாமலில்லை. மறுநாள் காலையில் துடைப்பமும் குப்பைப் பையுமாக வந்து தெருக்களைக் கூட்டியவர்களும் அதே ஊரார்தான். தோல் கறுத்த நம்மைப் போன்றோர், ஒரு கூட்டம் ‘நாம்’ என்று பாடும்போது அதனுள் நமக்கு இடமுண்டா என்று கேட்டே பழகியவர்கள். நம் சொந்தக் கோவில் வாசல்களிலும் இதே கேள்வியோடு நின்றவர்கள் நம்முள்ளேயே உண்டு. 1936இல் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பின்னரே உள்ளே நுழைந்தவர்களின் வழியினர் இந்நாட்டுத் தோட்டங்களிலும் இருந்தனர்.

இரண்டாந் தரத்திலிருந்து மேல்தரத்திற்குத் திரும்பிய கதை இம்மூன்று பாகங்களில் இல்லை. அது 2025 மே 24இல் நடந்தது. வெம்பிளியில் ஷெபீல்டு யுனைடெட் முன்னணியில் இருக்க, ஸ்பெயினில் பிறந்த எலியேசர் மயெண்டா என்னும் இளைஞர் கோலடித்துச் சமன் செய்தார். மேலதிக நேரத்தில் அவ்வட்டாரத்துப் பிள்ளையாகிய டாம் வாட்சன், 19 வயதினர், பெட்டிக்கு வெளியிலிருந்து பந்தை வலையின் மூலைக்கு அனுப்பி 2-1 என்று முடித்தார். எட்டாண்டுக் காத்திருப்பு அந்த ஓர் உதையில் தீர்ந்தது. அந்தப் பிள்ளையைப் பிரைட்டன் கிளப்புக்கு விற்கும் ஒப்பந்தம் அதற்குப் பல வாரங்கள் முன்னரே முடிந்திருந்தது. சண்டர்லாந்துச் சட்டையில் அதுவே அவருடைய கடைசி ஆட்டம். கோலடித்தவுடன் சட்டையைக் கழற்றிக்கொண்டு அபிமானிகள் கூட்டத்தை நோக்கி ஓடினார்.